வீட்டு ஸ்பீக்கருக்கு எந்த ஹார்ன், எந்த வேவ்கைடு? ஓர் ஒப்பீடு

கீழ் ஒலிகளைத் தரும் 12 அங்குல வூஃபரையும், மேல் ஒலிகளைத் தரும், 1 அங்குலத் தொண்டை (ஒலி வெளிவரும் துளை) உள்ள கம்ப்ரெஷன் டிரைவரையும் வாங்கி வைத்துவிட்டு, அந்த டிரைவருக்கு முன்னால், தொண்டையிலிருந்து வாய் வரை விரிந்துசெல்லும் எந்த ஹார்னைப் பொருத்துவது என்று முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்கள், தாமே ஸ்பீக்கர் கட்டும் ஆர்வமுள்ளவர்களில் நிறையப் பேர். டிராக்ட்ரிக்ஸ் என்னும் பழைய ஹார்ன் வளைவைப் போல் இயல்பான ஒலி வேறெதிலும் வராது என்று ஒரு தரப்பு சொல்கிறது. கணினியில் வடிவமைத்த வேவ்கைடு வந்த பிறகு பழைய வளைவுகளுக்கு வேலையில்லை என்று மறு தரப்பு சொல்கிறது. சாதாரண டோம் ட்வீட்டருக்கு (குவிமாட வடிவ உயர் ஒலி ஸ்பீக்கருக்கு) முன்னால் ஒரு சிறிய வேவ்கைடு இருந்தாலே போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். மூன்று தரப்பும் தத்தம் சூழலில் சரியாகவே பேசுகின்றன என்பதால்தான் குழப்பம் தீருவதில்லை. வளைவின் பெயரிலிருந்து தொடங்காமல், வாயின் அகலத்திலிருந்தும் அது எந்த வூஃபருடன் எந்த அதிர்வெண்ணில் இணைகிறது என்பதிலிருந்தும் தொடங்கினால், இந்த முடிவு பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

நம் ஊரில் ஹார்ன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, கோயில் திருவிழாவிலும் கட்சிக் கூட்டத்திலும் கம்பத்தில் கட்டப்படும் கூம்பு வடிவ ஒலிபெருக்கி. அதன் கூச்சலை வைத்து ஹார்ன் வகையையே ஒதுக்கிவிடுவது சரியன்று. அக்கருவியில் ஒலி செல்லும் பாதை உள்ளுக்குள்ளேயே மடிந்து திரும்பி வெளியே வருகிறது; பேச்சு வெகுதூரம் கேட்க வேண்டும், மழையில் நனைந்தாலும் கெடக் கூடாது என்பவையே அதன் இலக்குகள். மடிப்புகளைத் தாண்டும்போது உயர் அதிர்வெண்கள் தேய்ந்துவிடுகின்றன, கீழ் அதிர்வெண்களைத் தாங்க வாயின் அளவு போதுவதில்லை, மிஞ்சுவது காதைத் துளைக்கும் நடுப்பகுதி மட்டுமே. வீட்டில் உயர் ஒலிக்கு வைக்கும் ஹார்னில் மடிப்பு கிடையாது. அதைக் கீழ் எல்லை வரை வற்புறுத்தி இயக்குவதும் இல்லை.

எந்த ஹார்னும் இரண்டு வேலைகளைச் செய்கிறது. டிரைவரின் சிறிய டயாஃபிரம் (அதிரும் மெல்லிய தகடு) காற்றை வலுவாகப் பற்றித் தள்ள வழிசெய்து, அதே மின்திறனுக்கு அதிக ஒலியைத் தருவது முதல் வேலை; அந்த ஒலியைக் குறிப்பிட்ட கோணத்துக்குள் அடக்கி அனுப்புவது இரண்டாவது வேலை. சில வாட் மட்டுமே தந்த ஆம்ப்ளிஃபயர்களைக் கொண்டு ஒரு திரையரங்கை நிரப்ப வேண்டியிருந்த 1930-களில் முதல் வேலையே உயிர்நாடியாக இருந்தது. நூறு வாட் ஆம்ப்ளிஃபயர் எளிதாகக் கிடைக்கும் இக்காலத்தில், மூன்று மீட்டர் தொலைவில் அமர்ந்து கேட்கும் வீட்டில், நாம் ஹார்னை நாடுவது பெரும்பாலும் இரண்டாவது வேலைக்காகவே. வேவ்கைடு என்று இன்று விற்கப்படுபவை, அந்த இரண்டாவது வேலையை முதன்மையாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டவை.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், இணையும் இடத்தில் வூஃபரின் பரவல் கோணமும் ஹார்னின் பரவல் கோணமும் ஒத்திருப்பது. எந்த வூஃபரும் அதிர்வெண் ஏற ஏறத் தன் ஒலியை முன்பக்கமாகக் குறுக்கிக்கொண்டே போகும். தட்டையான பிஸ்டனாக எண்ணிக் கணக்கிட்டால், பக்கவாட்டில் 45 பாகையில் ஒலி 6 டெசிபெல் குறைகிற இடம், அதாவது மொத்தப் பரவல் 90 பாகையாகச் சுருங்கும் இடம், 15 அங்குல வூஃபருக்கு ஏறத்தாழ 1,040 ஹெர்ட்ஸ், 12 அங்குலத்துக்கு 1,300, 10 அங்குலத்துக்கு 1,600, 8 அங்குலத்துக்கு 2,100, ஆறரை அங்குலத்துக்கு 2,600. 90 பாகை ஹார்னை இந்த இடத்திலேயே இணைத்தால், வூஃபர் விட்ட இடத்திலிருந்து அதே கோணத்தில் ஹார்ன் தொடரும்; பக்கவாட்டில் கேட்கும் ஒலியில் பள்ளமோ மேடோ வராது. ஜேபிஎல் நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த 4430 மானிட்டரில் 15 அங்குல வூஃபரும் கிடைமட்டத்தில் 100, செங்குத்தில் 100 பாகை கொண்ட ஹார்னும் 1,000 ஹெர்ட்ஸில் இணைக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்தது இந்தக் கணக்குதான்.

இரண்டாவது, வாயின் அகலம். ஹார்னின் சுவர்கள் 90 பாகையில் விரிகின்றன என்பதாலேயே எல்லா அதிர்வெண்களும் 90 பாகைக்குள் அடங்கிவிடா. எலக்ட்ரோ-வாய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய டான் கீல் 1975-இல் ஓர் எளிய சூத்திரத்தைத் தந்தார். இன்றும் அதைவிடப் பயனுள்ள ஒற்றை வரி இத்துறையில் இல்லை என்றே சொல்வேன். மெட்ரிக் அளவில் அது இப்படி அமையும்: கட்டுப்பாடு தொடங்கும் அதிர்வெண் = 25,400 ÷ (பாகையில் கோணம் × மீட்டரில் வாயின் அகலம்).

| வாயின் அகலம் | 90 பாகை | 60 பாகை | 40 பாகை |
|---|---|---|---|
| 15 செ.மீ. | 1,880 ஹெர்ட்ஸ் | 2,820 | 4,230 |
| 20 செ.மீ. | 1,410 | 2,120 | 3,180 |
| 25 செ.மீ. | 1,130 | 1,690 | 2,540 |
| 30 செ.மீ. | 940 | 1,410 | 2,120 |
| 38 செ.மீ. | 740 | 1,110 | 1,670 |

இந்த அட்டவணையை வூஃபர் கணக்குடன் சேர்த்துப் பார்த்தால் ஓர் எளிய விதி கிடைக்கிறது: 90 பாகைக்கு, வேவ்கைடின் வாய் வூஃபரின் வெளிவிட்டத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும், இணைப்பு பாதுகாப்பான இடத்தில் அமைந்துவிடும். விளம்பரத்தாள்களில் 90க்கு 40 பாகை என்று எழுதியிருக்கும் சிறிய ஹார்ன்களின் உண்மை நிலையும் இதே அட்டவணையில் தெரிகிறது. 15 செ.மீ. உயரமே உள்ள வாயால் 40 பாகையை 4,230 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் பிடித்துவைக்க முடியும். அதற்குக் கீழே செங்குத்துப் பரவல் விரிந்துகொண்டே போய்த் தரையிலும் கூரையிலும் படும்.

மூன்றாவது, தொண்டையின் விட்டம். 25 மில்லிமீட்டர் தொண்டை ஏறத்தாழ 13 கிலோஹெர்ட்ஸ் வரை 90 பாகைக்கு ஒலியைத் தானாகவே பரப்பும். 36 மில்லிமீட்டர் தொண்டை ஒன்பதரை கிலோஹெர்ட்ஸ் வரை. 50 மில்லிமீட்டர் தொண்டை 7 கிலோஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேல் சுவர்கள் எங்கிருந்தாலும் ஒலி டார்ச் வெளிச்சம்போல் நேராகப் போகிறது, ஏனெனில் அலை சுவர்களைத் தொடுவதே இல்லை. ஆகவே ஒரு வூஃபரும் ஒரு டிரைவரும் மட்டும் கொண்ட இருவழி ஸ்பீக்கர் கட்டுகிறவருக்கு 1 அங்குல டிரைவரே இயல்பான தெரிவு. பெரிய தொண்டை வேண்டுமென்றால் உச்ச ஒலிகளுக்கென்றே தனியாக ஒரு சூப்பர் ட்வீட்டரையோ, பின்னர் சொல்லப்போகும் பிளவுத் தொண்டையையோ ஏற்க வேண்டியிருக்கும்.

மைய இடைவெளி (வூஃபர், ஹார்ன் மையங்களுக்கு இடையிலான தூரம்), ஆழம், ஈக்வலைசேஷன் (சில அதிர்வெண்களைக் கூட்டிக் குறைத்துச் சமப்படுத்துதல்) தேவை, கையால் செய்ய முடிகிற எளிமை ஆகியவை மற்ற அளவுகோல்கள். அவற்றை ஒவ்வொரு தெரிவோடும் சேர்த்துப் பார்ப்பதே தெளிவு. அறையைப் பற்றி மட்டும் முன்கூட்டியே ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகள் பெரும்பாலும் சிமென்ட் பூசிய செங்கல் சுவரும் டைல்ஸ் தரையும் காங்கிரீட் கூரையும் கொண்டவை. கனமான கம்பளமோ திரைச்சீலையோ அரிது. இத்தகைய அறையில் பக்கவாட்டில் போன ஒலி உறிஞ்சப்படாமல் காதுக்குத் திரும்பி வருகிறது. அந்த ஒலி நேரொலியிலிருந்து மாறுபட்டிருந்தால், ஸ்பீக்கரின் நேரெதிரே எடுத்த அளவீடு எவ்வளவு தட்டையாக இருந்தாலும் பயனில்லை. மர வீடுகளிலும் கம்பளம் விரித்த அறைகளிலும் பழகியவர்கள் எழுதும் பரிந்துரைகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

## டோம் ட்வீட்டரும் சிறிய வேவ்கைடும்

முகத்தட்டைக் கழற்றிய 1 அங்குல டோம் ட்வீட்டரை 15 முதல் 18 செ.மீ. அகலமுள்ள ஆழங்குறைந்த வேவ்கைடில் பொருத்துவது இது. ஃபின்லாந்தின் ஜெனெலெக் 1980-களிலிருந்தே தன் ஸ்டுடியோ மானிட்டர்களில் இக்கொள்கையைப் பின்பற்றி வருகிறது; தாமே கட்டுகிறவர்களிடையே ஜெர்மனியின் விசாட்டன் விற்கும் 148 மில்லிமீட்டர் வேவ்கைடு பரவலாகத் தெரிந்த ஒன்று. ட்வீட்டரின் கீழ்ப்பகுதியில், ஏறத்தாழ 1.5 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை, சில டெசிபெல் ஒலி கூடுதலாகக் கிடைக்கிறது. அதே ஒலியளவுக்கு டோம் குறைவாக அசைந்தால் போதும் என்பதால் திரிபு குறைகிறது, கிராஸ்ஓவரை (வூஃபரும் ட்வீட்டரும் ஒலியைப் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தை) 1,800 ஹெர்ட்ஸ் அருகே கொண்டுவர முடிகிறது. ட்வீட்டர் உள்வாங்கி அமர்வதால் அதன் ஒலி மையம் வூஃபரின் மையத்துக்கு நேராக வந்து, கால வேறுபாடும் குறைந்துவிடுகிறது.

ஆறரை அல்லது 8 அங்குல வூஃபர், 10க்கு 12 அடி அறை, இரண்டு இரண்டரை மீட்டர் தொலைவு என்றால் இதைத் தாண்டி யோசிக்கத் தேவையில்லை. சுருள், மின்தேக்கி, மின்தடை மட்டும் கொண்ட எளிய பாசிவ் கிராஸ்ஓவரே போதும். ஆம்ப்ளிஃபயரின் சீற்றம் கேட்காது. பெட்டியின் அகலம் 25 செ.மீ.க்குள் அடங்கும். மறைந்திருக்கும் செலவு, பொருத்தத்தில் இருக்கிறது. ஒவ்வொரு டோமின் உயரமும் அதைச் சுற்றியுள்ள மடிப்பின் அகலமும் வேறு வேறு என்பதால், ஒரு வேவ்கைடு ஒரு ட்வீட்டரில் அருமையாகவும் இன்னொன்றில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மேடு பள்ளமாகவும் அமையும். ஏற்கெனவே ஒருவர் அளந்து வெளியிட்ட இணையையே பின்பற்றுங்கள். முகத்தட்டைக் கழற்றும்போது திருப்புளி காந்தத்தால் இழுக்கப்பட்டு டோமின்மீது பாய்ந்துவிடும். காந்தமேறாத கருவியைப் பயன்படுத்துவதும், டோமை மூடி வைத்து வேலை செய்வதும் அவசியம்.

10 அங்குலத்துக்கு மேற்பட்ட வூஃபருடன் இத்தெரிவு பொருந்தாது. 12 அங்குல வூஃபர் 1,300 ஹெர்ட்ஸில் கைமாற்றக் காத்திருக்கும்போது 15 செ.மீ. வாய் 1,880 ஹெர்ட்ஸில்தான் கட்டுப்பாட்டைத் தொடங்குகிறது. அந்த இடைவெளி பக்கவாட்டு ஒலியில் அப்பட்டமாகத் தெரியும்.

## எக்ஸ்பொனென்ஷியல், டிராக்ட்ரிக்ஸ், லெ க்ளியாக்

குறுக்குப் பரப்பு சீரான விகிதத்தில் பெருகிச் செல்லும் எக்ஸ்பொனென்ஷியல் வளைவை ஹன்னாவும் ஸ்லெப்பியனும் 1924-இல் ஆராய்ந்து எழுதினர். அதற்கு அடிப்படையான சமன்பாட்டை வெப்ஸ்டர் 1919-இல் தந்திருந்தார். 1920-களில் பால் வாய்ட் டிராக்ட்ரிக்ஸ் வளைவைப் பயன்படுத்தினார். பிரான்ஸைச் சேர்ந்த ழான்-மிஷேல் லெ க்ளியாக் வகுத்த வளைவு, வாயின் விளிம்பைப் பின்பக்கமாகவே சுருட்டிக்கொண்டுபோய், விளிம்பிலிருந்து ஒலி திரும்பி உள்ளே வருவதைக் குறைக்கிறது. மூன்றிலும் நோக்கம் ஒன்றுதான்: டயாஃபிரத்துக்குக் கிடைக்கும் காற்றுப் பளு, ஹார்னின் கீழ் எல்லையான கட்-ஆஃப் அதிர்வெண்ணுக்குச் சற்று மேலிருந்தே உறுதியாக இருக்க வேண்டும்.

அளவுகளைப் பாருங்கள். வாயின் சுற்றளவு கட்-ஆஃப் அதிர்வெண்ணின் அலைநீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற வழக்கமான விதிப்படி, 500 ஹெர்ட்ஸ் எக்ஸ்பொனென்ஷியல் ஹார்னுக்கு 22 செ.மீ. வாயும், 1 அங்குலத் தொண்டையிலிருந்து 24 செ.மீ. நீளமும் தேவை. 300 ஹெர்ட்ஸ் என்றால் வாய் 36 செ.மீ., நீளம் 49 செ.மீ. கட்-ஆஃபுக்கு ஓர் ஆக்டேவ் மேலே, அதாவது அதன் இருமடங்கில், இணைப்பது பாதுகாப்பு.

இவ்வளைவுகள் தொண்டையருகே மெதுவாகவும் வாயருகே வேகமாகவும் விரிவதால், அதிர்வெண் ஏற ஏறப் பரவல் குறுகிக்கொண்டே போகிறது. இதுவே இவற்றின் வலிமையும் குறையும். கம்ப்ரெஷன் டிரைவரின் மொத்த ஒலித்திறன் 3 அல்லது 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஆக்டேவுக்கு 6 டெசிபெல் வீதம் இறங்குவது இயற்கை. ஹார்ன் அந்தக் குறையும் ஒலியைக் குறுகிய கோணத்தில் குவிப்பதால் நேரெதிரே அமர்ந்தவருக்கு எந்த ஈக்வலைசேஷனும் இல்லாமலே தட்டையாகக் கேட்கிறது. நாற்காலியை ஓர் அடி நகர்த்தினால் பளபளப்பு போய்விடும். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள அறையில், எதிரொலியாகத் திரும்பும் ஒலியில் நடுப்பகுதி மிகுந்தும் உயர்பகுதி குன்றியும் இருக்கும். சிலர் இதையே இதமான ஒலி என்று விரும்புகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் அது ஹார்னும் அறையும் சேர்ந்து பூசிய நிறம் என்பதை அறிந்து விரும்ப வேண்டும்.

எட்டு வாட் தரும் 300பி வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவருக்கு, ஒருவர் மட்டுமே ஒரே நாற்காலியில் அமர்ந்து கேட்பவருக்கு, எளிய பாசிவ் கிராஸ்ஓவரைத் தாண்டிப் போக விரும்பாதவருக்கு, இன்றும் இதுவே தகுந்த தெரிவு. டிரைவரின் உணர்திறனை (ஒரு வாட்டுக்குத் தரும் ஒலியளவை) ஈக்வலைசேஷனில் கரைக்காமல் அப்படியே காப்பாற்றித் தருவது இதுதான்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. 30 செ.மீ. வாயுள்ள எக்ஸ்பொனென்ஷியல் ஹார்னின் நீளம் 37 செ.மீ.; அதன் டிரைவர் வூஃபரின் ஒலி மையத்திலிருந்து கால் மீட்டருக்கு மேல் பின்தங்கி நிற்கும். அந்தத் தாமதம் ஏறத்தாழ 0.8 மில்லிசெகண்ட், அதாவது 1,200 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட ஒரு முழுச் சுழற்சி. ஹார்னைப் பெட்டிக்கு மேலே தனியாக வைத்து முன்னால் நகர்த்த வேண்டும், அல்லது வூஃபரை டிஎஸ்பி (டிஜிட்டல் ஒலிச் செயலி) கொண்டு தாமதிக்க வேண்டும். இரண்டாவது, பழைய உலோக ஹார்ன்களின் அதிர்வு. ஆல்டெக் 511பி, 811பி போன்ற வார்ப்பு அலுமினிய ஹார்ன்களை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள், வெண்கலப் பாத்திரம்போல் ஓசை நீளும். வெளிப்புறம் முழுக்கத் தடித்த பியூட்டைல் பட்டை ஒட்டி அதை அடக்கும் வரை, அந்த ஓசை பாடகரின் குரலோடு சேர்ந்தே வரும்.

## பிளவுத் தொண்டை கொண்ட ஹார்ன்கள்

டான் கீலின் 1975 ஆய்வுக்குப் பிறகு வந்த தலைமுறை இது. ஆல்டெக்கின் மான்டரே, ஜேபிஎல்லின் பை-ரேடியல் ஆகியவை இதில் அடங்கும். தொண்டைக்குப் பின் பாதை ஒரு குறுகிய பிளவாக ஒடுங்கி, அங்கிருந்து திடீரென அகலமாகத் திறக்கிறது. பிளவு குறுகலாக இருப்பதால் 50 மில்லிமீட்டர் தொண்டையுள்ள பெரிய டிரைவரின் உச்ச அதிர்வெண்கள்கூடப் பக்கவாட்டில் சீராகப் பரவுகின்றன. இதற்குத் தரும் விலை என்னவென்றால், அந்தத் திடீர்த் திறப்பில் அலையின் ஒரு பகுதி மோதித் தொண்டைக்கே திரும்புகிறது. அது டிரைவருக்கும் பிளவுக்கும் இடையே முன்னும் பின்னும் ஓடி, அளவீட்டில் சிற்றலைகளாகவும் காதில் ஒருவகைக் கடுமையாகவும் வெளிப்படுகிறது. ஒலியைக் கூட்டும்போது அக்கடுமை இன்னும் வெளிப்படையாகிறது.

திரையரங்குகளிலிருந்து கழித்துவிடப்பட்ட இத்தகைய ஹார்ன்கள் சில சமயம் மலிவாகக் கிடைக்கும். பெரிய தொண்டை டிரைவர்கள் கைவசம் இருந்து, மூன்று நான்கு பேர் வரிசையாக அமர்ந்து படம் பார்க்கும் அறை என்றால் இவை தகும். இசைக்காகவே புதிதாகக் கட்டுகிறவருக்கு நான் இவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

## பிளவில்லாத வேவ்கைடுகள்

ஏர்ல் கெட்டிஸ் 1989-இல் வெளியிட்ட கட்டுரையில், அலை எந்த வடிவத்தில் குழாய்க்குள் நுழைகிறதோ அதற்கு இசைந்து சுவர்கள் திறக்க வேண்டும் என்ற நோக்கிலிருந்து தொடங்கி, ஓப்லேட் ஸ்பீராய்டல் என்ற வளைவுக்கு வந்து சேர்ந்தார். தொண்டையில் டிரைவரின் திசைக்கு இணையாகத் தொடங்கி, திடுக்கென்ற திருப்பம் எங்கும் இல்லாமல், விரும்பிய கோணத்தின் நேர்கோட்டை நோக்கி மெல்லச் சாய்வது அதன் வடிவம். சூத்திரமும் எளியது: ஆழத்தில் எந்த இடத்திலும் ஆரத்தின் இருபடி, தொண்டை ஆரத்தின் இருபடியோடு, ஆழம் பெருக்கல் அரைக்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பின் இருபடியைக் கூட்டினால் கிடைக்கும். 90 பாகைக்கும் 30 செ.மீ. வாய்க்கும் ஆழம் வெறும் 15 செ.மீ.; அதே வாயுள்ள எக்ஸ்பொனென்ஷியலில் பாதிகூட இல்லை. வாயை நீள்வட்டமாக்கிய எஸ்இஓஎஸ் வடிவம் பின்னர் வந்தது. இப்போது ஏத் என்னும் மென்பொருள், விளிம்பை முழுவதும் பின்னால் சுருட்டிய வடிவங்களையும் உருவாக்கி, அவற்றின் பரவலைக் கட்டுவதற்கு முன்பே கணித்துப் பார்க்க வழிசெய்கிறது.

12 அல்லது 15 அங்குல வூஃபருடன் இருவழி கட்டுகிறவருக்கு என் முதல் பரிந்துரை இதுவே. 12 அங்குலத்துடன் 1,200 ஹெர்ட்ஸ் அருகிலும், 15 அங்குலத்துடன் 1,000 ஹெர்ட்ஸ் அருகிலும் இணைக்கலாம். ஜேபிஎல் எம்2 மானிட்டர் 15 அங்குல வூஃபரைப் பெரிய வேவ்கைடுடன் 800 ஹெர்ட்ஸில் இணைக்கிறது. அவ்வளவு கீழே செல்ல அதற்கென்றே செய்த டிரைவர் வேண்டும், 1 அங்குல டிரைவரை அங்கே வற்புறுத்தக் கூடாது. வேவ்கைடின் காற்றுப் பளு எக்ஸ்பொனென்ஷியலைவிடக் குறைவு என்பது உண்மை; வீட்டு ஒலியளவில் டயாஃபிரத்தின் அசைவு மிகச் சிறியது என்பதால் அது குறையாகத் தெரிவதில்லை.

ஒலி எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே கோணத்தில் பரவுவதால், டிரைவரின் இயற்கையான இறக்கம் இங்கே மறைக்கப்படாமல் வெளிப்படுகிறது. 3 முதல் 16 கிலோஹெர்ட்ஸ் வரை 14 டெசிபெல் அளவுக்கு ஏற்றம் தேவைப்படும். மிகையாகத் தோன்றினாலும் கணக்கு சரியாகவே முடிகிறது: டிரைவரின் உணர்திறன் 108 டெசிபெல், வூஃபருடையது 95 என்றால், எப்படியும் குறைக்க வேண்டிய 13 டெசிபெல்லை நடுப்பகுதியில் மட்டும் குறைத்து உச்சியில் விட்டுவிட்டால் ஏற்றம் கிடைத்துவிடும். பாசிவ் கிராஸ்ஓவரில் எல்-பேடின் (ஒலியளவைக் குறைக்கும் மின்தடை இணையின்) தொடர் மின்தடைக்கு இணையாக ஒரு சிறு மின்தேக்கியைப் போடுவது இதைத்தான் செய்கிறது.

செங்குத்துத் திசையில் ஒரு சமரசம் உண்டு. 12 அங்குல வூஃபருக்கு மேலே 30 செ.மீ. வட்ட வேவ்கைடை ஒட்டி வைத்தாலும் மையங்களுக்கு இடையே 31 செ.மீ. வரும், 1,200 ஹெர்ட்ஸின் அலைநீளம் 29 செ.மீ.தான். நேரெதிர் அச்சிலிருந்து மேலும் கீழும் 27 பாகை அருகே ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அமர்ந்து கேட்பவரைப் பாதிக்காது, அறையில் நடமாடுபவர் மாற்றத்தை உணர்வார். நீள்வட்ட வாய் அந்த இடைவெளியைக் குறைக்கும். அதற்கு ஈடாகச் செங்குத்துக் கட்டுப்பாட்டை இழக்க வேண்டும். உயரமான கூரையுள்ள வீட்டில் நீள்வட்டத்தையும், ஒன்பது பத்தடிக் கூரைக்கு வட்டத்தையும் தேர்வேன்.

## பல நுழைவு ஹார்ன்

டாம் டான்லி உருவாக்கிய இம்முறையில் ஒரே கூம்பு ஹார்னின் தொண்டையில் கம்ப்ரெஷன் டிரைவரும், சுவர்களில் துளையிட்டு நடு அதிர்வெண்களுக்கான ஸ்பீக்கர்களும், இன்னும் வெளியே வூஃபர்களும் அமைகின்றன. எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து வருவதால் மைய இடைவெளிச் சிக்கல் முற்றிலும் இல்லை, 60 செ.மீ. வாய் 90 பாகையை 470 ஹெர்ட்ஸ் வரை பிடித்துவைக்கும். நடு ஸ்பீக்கர்களின் துளைகள் தொண்டையிலிருந்து அவற்றின் மேல் எல்லையின் கால் அலைநீளத்துக்குள், 1,000 ஹெர்ட்ஸ் என்றால் ஏறத்தாழ எட்டரை செ.மீ.க்குள், இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அங்கே ஆழமான பள்ளம் விழும். முதல் முறை கட்டுகிறவர் இதைத் தொடவே கூடாது. அளவீட்டிலும் டிஎஸ்பியிலும் தேர்ந்தவருக்கு, பெரிய அறையும் வீட்டாரின் சம்மதமும் இருந்தால், வீட்டில் கேட்கக் கிடைக்கும் மிகச் சீரான பரவல் இதிலிருந்தே வரும்.

## ஒரே பார்வையில்

| தெரிவு | தகுந்த வூஃபர் | கிராஸ்ஓவர் | பரவலின் சீர்மை | ஈக்வலைசேஷன் | கட்டும் எளிமை |
|---|---|---|---|---|---|
| டோம் + சிறு வேவ்கைடு | 6.5–8 அங்குலம் | 1.8–2.1 கிலோஹெர்ட்ஸ் | நன்று | சிறிது | எளிது |
| எக்ஸ்பொனென்ஷியல் வகை | 12–15 அங்குலம் | கட்-ஆஃபின் இருமடங்குக்கு மேல் | உயரே குறுகும் | அநேகமாகத் தேவையில்லை | கடைசல் வேலை |
| பிளவுத் தொண்டை | 12–15 அங்குலம் | 0.8–1.2 கிலோஹெர்ட்ஸ் | கிடைமட்டத்தில் நன்று | தேவை | வாங்குவதே வழி |
| பிளவில்லா வேவ்கைடு | 12–15 அங்குலம் | 1.0–1.3 கிலோஹெர்ட்ஸ் | மிக நன்று | தேவை | முப்பரிமாண அச்சு அல்லது வாங்குவது |
| பல நுழைவு | பல | ஹார்னுக்குள்ளேயே | மிகமிக நன்று | டிஎஸ்பி கட்டாயம் | கடினம் |

## விலைப்பட்டியலில் வராதவை

கம்ப்ரெஷன் டிரைவரை ஆம்ப்ளிஃபயருடன் நேரடியாக இணைத்து டிஎஸ்பி கொண்டு பிரிப்பவர்கள் இரவில் முதலில் கவனிப்பது சீற்றத்தை. ஆம்ப்ளிஃபயரின் மிச்ச இரைச்சல் 0.3 மில்லிவோல்ட் என்றால், 108 டெசிபெல் டிரைவரில் அது ஒரு மீட்டரில் 28 டெசிபெல்லாகக் கேட்கும். மின்விசிறியை அணைத்த அறையில் அது தொந்தரவு. டிரைவருக்கு முன் 10 டெசிபெல் எல்-பேட் ஒன்றைப் போட்டாலே தீர்ந்துவிடும். தொடரில் 33 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் இருக்கட்டும்: 8 ஓம் டிரைவரில் அதன் வெட்டு 600 ஹெர்ட்ஸ், கிராஸ்ஓவரைத் தொந்தரவு செய்யாது, ஆம்ப்ளிஃபயர் கோளாறில் நேர்மின்சாரம் பாய்ந்தால் டயாஃபிரத்தைக் காப்பாற்றும். மாற்று டயாஃபிரமின் விலையோடு ஒப்பிட்டால் அந்த மின்தேக்கி ஒன்றுமில்லை.

தொண்டை இணைப்பை வாங்கும்போதே சரிபாருங்கள். 1 அங்குல டிரைவர்களில் திருகு மரை உள்ளவை, 76 மில்லிமீட்டரில் இரண்டு போல்ட் உள்ளவை, 57 மில்லிமீட்டரில் மூன்று போல்ட் உள்ளவை என வகைகள் உண்டு. இடையே அடாப்டர் போட்டால் பாதை நீள்வதோடு ஒரு படியும் உருவாகும். டிரைவரை மாட்டுவதற்கு முன் சுண்டுவிரலை ஹார்னின் தொண்டைக்குள் விட்டுச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் விளிம்பு ஒவ்வொன்றும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு சிற்றலை. மெல்லிய உப்புத்தாளாலோ எப்பாக்ஸிப் புட்டியாலோ அதைச் சமப்படுத்த அரை மணி நேரம் போதும், விலையுயர்ந்த மின்தேக்கிகளைவிட அதிகப் பலன் தரும் அரை மணி நேரம் அது.

முப்பரிமாண அச்சில், வழக்கமான 25 செ.மீ. மேடையில் 30 செ.மீ. வேவ்கைடு ஒரே துண்டாக அடங்காது; நான்கு துண்டுகளாக அச்சிட்டு, எப்பாக்ஸியால் ஒட்டி, பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடிக்க வேண்டும். பிஎல்ஏ இழை 60 பாகை செல்சியஸ் அருகே இளகத் தொடங்கும் என்பதால், பெயின்ட் காய மே மாத வெயிலில் மொட்டை மாடியில் வைத்தாலோ மூடிய காருக்குள் வைத்தாலோ வளைந்துவிடும். சுவர் மெல்லியதாக இருந்தால் பின்புறம் மணல் கலந்த எப்பாக்ஸி நிரப்புவது நல்லது. அளக்கும் மைக்ரோஃபோனும் செலவில் சேரும்: 0 முதல் 90 பாகை வரை பத்துப் பத்து பாகையாகத் திருப்பி அளக்காமல் எந்த வேவ்கைடின் கிராஸ்ஓவரையும் முடித்துவிட முடியாது.

## எந்தச் சூழலுக்கு எது

அடுக்குமாடி வீட்டின் படுக்கையறை, 8 அங்குல வூஃபர், பாசிவ் கிராஸ்ஓவர் என்றால் டோமும் சிறு வேவ்கைடும். 12க்கு 18 அடி ஹால், 12 அங்குல வூஃபர், டிஎஸ்பி கைவசம் என்றால் 30 செ.மீ. பிளவில்லா வேவ்கைடு. வால்வு ஆம்ப்ளிஃபயரும் ஒற்றை நாற்காலியும் என்றால் டிராக்ட்ரிக்ஸ் அல்லது லெ க்ளியாக். ஒரு ஸ்பீக்கர் எஃகு பீரோவுக்குப் பக்கத்திலும் மற்றொன்று திறந்த வாசலுக்குப் பக்கத்திலும் நிற்க வேண்டிய ஹாலில், 90 பாகை வேவ்கைடுகளை உட்பக்கமாக 45 பாகை திருப்பி, அச்சுகள் கேட்பவருக்கு முன்னாலேயே வெட்டிக்கொள்ளும்படி வையுங்கள். பீரோவை நோக்கிப் போகும் ஒலி குறைவதோடு, ஓரமாக அமர்ந்தவருக்கும் பாடகர் நடுவில் நிற்பார். எக்ஸ்பொனென்ஷியல் வகையில் இந்த வித்தை பலிக்காது, ஏனெனில் அச்சுக்கு வெளியே உச்ச ஒலி இருக்காது.

எதைத் தேர்ந்தாலும் பெட்டியை அறுப்பதற்கு முன், 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்றில் வூஃபரையும் ஹார்னையும் உத்தேசித்த இடைவெளியில் பொருத்தி, மொட்டை மாடியிலோ பெரிய அறையின் நடுவிலோ உயரமாக நிறுத்தி அளந்து பாருங்கள். இணையும் இடத்தில் 0, 30, 45 பாகைக் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக இறங்கினால் பலகையின் அளவுகளை அப்படியே தச்சரிடம் கொடுக்கலாம். 45 பாகைக் கோட்டில் மட்டும் மேடு தெரிந்தால் வாய் போதவில்லை என்று பொருள், கிராஸ்ஓவரை உயர்த்துவதற்கு முன் பெரிய வேவ்கைடைத் தேடுங்கள்.